இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்

"சார், 'நிஜமாகவே எங்களைப் பிரிகிறீர்களா?'ன்னு கேக்குது."

"ஆமான்னு அழுத்துய்யா! அங்க என் பொண்ணு கையெழுத்துப் போடப் போறா!"

மேனேஜர் கதவில் பதித்திருந்த திரையை மூக்கு உரசக் குனிந்து பார்த்தார். பெரிய பச்சைப் பட்டனில் 'இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன்' என்று இருந்தது. அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி சாம்பல் எழுத்தில், 'ஆம், எனக்கு நன்றி என்பதே கிடையாது, போகிறேன்.'

"நன்றி கெட்டவன்னு ஒத்துக்கிட்டாதான் விடுமாம் சார்."

"எதை வேணா ஒத்துக்கறேன். அழுத்து!"

முதலாளியின் நிறுவனம் ஒரு செயலி நடத்திவந்தது. அதில் சேர ஒரு விரல் போதும், விலக ஒரு ஜென்மம் வேண்டும். அந்த லாபத்தில் செய்து, அடுத்து கடைகளுக்கு விற்கப்போகும் சரக்குதான் இந்த 'அன்புக் கதவு'. உள்ளே வந்த வாடிக்கையாளர் சட்டென்று கிளம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான். இன்று மூன்று மணிக்கு மீட்டிங் அறையில் முதல் சோதனை. முதலாளியே உட்கார்ந்து பார்த்தால் நல்லது என்று வடிவமைத்தவர் மெயில் போட்டிருந்தார்.

கதவு மூடிய பிறகுதான் மனைவி ஃபோன் செய்தாள். மகளுக்கு நாலு மணிக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, 'இந்தச் செயலியை விட்டு வெளியே வர முடியவில்லை' என்று முதலாளி மேல் வழக்குப் போட்ட அதே பையன்.

"உலகத்துல வேற ஆம்பளையே கிடைக்கலையாய்யா அவளுக்கு?"

"சார், ஏன் போறீங்கன்னு காரணம் கேக்குது. ஏசி போதவில்லை, நாற்காலி சரியில்லை, நான் இயல்பாகவே அவசரக்காரன். இதுல எது?"

"கல்யாணத்தைத் தடுக்கணும்னு இல்லையா?"

"மற்றவைன்னு இருக்கு. ஆனா நாலு வரிக்குக் குறையாம எழுதணுமாம்."

முதலாளி எழுதினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியது இன்றுதான். மகளைப் பெற்றது, வளர்த்தது, நெஞ்சு எரிவது எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்.

'உங்கள் வேதனை புரிகிறது. பத்து நிமிடம் இருந்தால் ஒரு காபி இலவசம்' என்றது திரை.

அவர் வேகமாகக் கீழ்ப் பட்டனை அழுத்தினார். 'நன்றி! தங்க முடிவு செய்ததில் மகிழ்ச்சி!' என்று திரையில் பூ தூவியது.

"அடப்பாவி! போறதுதானே கீழ இருந்துச்சு?"

"ரெண்டாவது தடவை இடம் மாறிடும் சார்."

"எந்த மடையன் சொன்ன யோசனை இது?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். "போன மீட்டிங்ல நீங்கதான் சார். 'யாரையும் கட்டிப்போடாதீங்க, போக வேண்டாம்னு அவங்களே முடிவு பண்ற மாதிரி பண்ணுங்க'ன்னீங்க. எல்லாரும் கைதட்டினோம்."

"வெளிய இருக்கறவனைத் திறக்கச் சொல்லு."

"சொன்னேன். 'உள்ளே இருப்பவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், கெடுக்கப் போகிறீர்களா?'ன்னு வெளிப்பக்கம் கேக்குதாம். பயந்துபோய் வேண்டாம்னு அழுத்திட்டான்."

"கதவுக் கண்ணாடியை உடை!"

"யானை மோதினாலும் உடையாதுன்னு நீங்கதானே சார் தேர்ந்தெடுத்தீங்க?"

முதலாளி மச்சினனுக்கு ஃபோன் போட்டார். "மாப்ள, உடனே பதிவு அலுவலகத்துக்கு ஓடு. எப்படியாவது நிறுத்து!"

"இங்கதான் மாமா இருக்கேன். சாட்சிக் கையெழுத்து யாரு போடறது?"

முதலாளி ஃபோனை மேசைமேல் போட்டார். இத்தனை பேரை வெளியே போகவிடாமல் பிடித்துவைத்தவருக்கு, பெற்ற ஒரே பெண்ணைப் பிடித்துவைக்கத் தெரியவில்லை.

"இதைப் பண்ணினவனையாவது பிடிய்யா."

"வெளி ஆளு சார். வீட்லேருந்தே வேலை பாக்கறவங்க. எல்லாம் மெயில்லதான். இப்பக்கூடப் போட்டேன். 'இன்று சொந்த வேலையாக வெளியே இருக்கிறேன், சோதனையை மட்டும் கவனித்துக்கொள்வேன்'னு பதில் வருது."

முதலாளி இன்னொரு முறை நன்றி கெட்டவனானார். இன்னொரு முறை காரணம் எழுதினார். இந்த முறை உஷாராக மேல் பட்டனை அழுத்தினார். அது மறுபடி இடம் மாறியிருந்தது, பூ தூவியது. எரிச்சலின் உச்சியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எமகாதகன்யா! நான் அடுத்து எங்க கை வைப்பேன்னு கூடவே இருந்து பார்த்த மாதிரி பண்ணியிருக்கான். என் வீட்லயும்தான் ஒண்ணு இருக்கு. நாள் முழுக்க லேப்டாப்புல கட்டம் கட்டமா வரைஞ்சு கலர் அடிச்சுக்கிட்டு. இந்த மாதிரி ஒரு பிள்ளை எனக்குப் பொறந்திருக்கக் கூடாதா?"

நாலு மணி தாண்டியது. முதலாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அது நல்ல நாற்காலிதான், அதைக் குறை சொல்ல முடியாது.

யாரும் தொடாமலே திரை மாறியது. கதவு மெல்ல விலகித் திறந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, படிக்கத் தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டார். முதலாளியே எழுந்து வந்து படித்தார்.

'பொறுமையாக இருந்ததற்கு நன்றி, அப்பா. கையெழுத்துப் போட்டாயிற்று.'

அதற்குக் கீழே 'மனமார வாழ்த்துகிறேன்' என்று பெரிய பச்சைப் பட்டன் ஒன்று இருந்தது. இன்னொரு பட்டனை முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார்.