சம்மதக் கறி

மகளின் காதுகுத்து விருந்துக்காகப் பரமகுரு தன் தொடையிலிருந்து ஒரு கிள்ளுச் சதையை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, அதிலிருந்து கறி வளர்த்து வாங்கியிருந்தான். ஆடு வெட்டத் தடை வந்தபின் ஊரில் எல்லா அப்பன்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கொல்லையில், மிளகாய் தடவிக் கம்பியில் கோத்திருந்த துண்டுகளைப் பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றியது.

கிடாவுக்குச் செய்த முறை மட்டும் மாறவில்லை. மனைவியின் அண்ணன் வீரணன் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினான். உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். அதுவரை கறி நெருப்பில் ஏறாது.

பரமகுரு அசையாமல் நின்றான்.

“என்ன மாப்ள, கிடாகூட இம்புட்டு பிகு பண்ணாது,” என்றான் வீரணன். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏங்க, சும்மா ஒரு ஆட்டு ஆட்டிருங்க. பிள்ளைக பசியில நிக்குதுக,” என்றாள் மனைவி சுகந்தி.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். இன்னொரு செம்பு ஊற்றினார்கள். தை மாதத்துக் குளிர்காற்று அடித்தது. தோள் தானாக நடுங்கியது.

“சிலுப்பிட்டாரு!”

பெண்கள் குலவை போட்டார்கள். கம்பிகள் கனலில் ஏறின. கொழுப்பு சொட்டிப் புகைந்தது. பரமகுருவுக்குக் குளிர் தாங்கவில்லை. அடுப்புப் பக்கம் நகர்ந்து நின்று, இரண்டு கைகளையும் நெருப்பில் காட்டினான்.