பெட்டி திறக்காத பிற்றர்

"குருநகரோ?"

வாசற்படலையடியில் சைக்கிளை நிறுத்தியவர் "ஓம் ஐயா" என்றதும் சீவரத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குருநகரிலிருந்து கார் திருத்தும் பிற்றர் ஒருவர் புதன்கிழமை காலை சைக்கிளில் வருவார், திருத்து வேலைக்கு வேண்டிய ஆயுதங்களையும் கையோடு கொண்டுவருவார் என்று மைத்துனர் கடிதம் போட்டிருந்தார். இன்று புதன்கிழமை. சைக்கிளின் பின்னால் பெரிய பெட்டியொன்றும் கட்டியிருந்தது.

"நான் வந்து, ஐயா..."

"கதைக்க நேரமில்லை. நாலு மணிக்கு இணுவில் மாப்பிள்ளையை ஏத்த வேணும். கெதியாய் வாங்கோ!"

கோப்பாயில் வாடகைக்கு ஓடும் கார் சீவரத்தினத்தினுடையது ஒன்றுதான். கிளச் தேய்ந்துபோயிற்றென்று தானே எஞ்சினைக் கழற்றி, புதுத் தட்டும் போட்டுவிட்டார். கழற்றும்போது சொன்னபடி கேட்ட எஞ்சின், திரும்பக் கியர்ப்பெட்டியோடு சேரமாட்டேனென்று இரண்டு நாளாக ஒரு விரற்கடை தள்ளியே நின்றது. மாப்பிள்ளை மாட்டுவண்டியில் போக நேர்ந்தால் சீவரத்தினம் பிறகு இணுவில் பக்கம் தலைகாட்ட முடியாது.

காரைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், தண்ணீர் இறைக்கும் துலாவில் வடம் கட்டி எஞ்சினைத் தொங்கவிட்டிருந்தார்கள். துலாவின் மேல் பக்கத்து வீட்டுத் தில்லைநாதன் நின்றார். அவர் பின்னுக்கு ஓரடி வைத்தால் எஞ்சின் உயரும். முன்னுக்கு ஓரடி வைத்தால் இறங்கும்.

வந்தவர் வடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். எஞ்சினை நிலத்தில் இறக்கச் சொல்லி, கண்மூடித் திறப்பதற்குள் வேறொரு முடிச்சுப் போட்டார்.

"இப்ப உந்தப் பெரியதைத் தூக்குங்கோ. உந்தச் சின்னதுக்குக் கிட்டக் கொண்டு போங்கோ."

சீவரத்தினம் மனைவி பராசக்தியின் காதைக் கடித்தார். "பாத்தியே? அரைகுறையள்தான் இங்கிலீசுப் பேர் சொல்லி வெருட்டுவாங்கள். வேலை தெரிஞ்சவனுக்கு எல்லாம் 'உது'தான்."

பராசக்தி விளக்குமாற்றோடு சைக்கிளடிக்கு ஓடினாள். "சூய்! விடிய ஒரு பூனையையும் காணேல்லை. இப்ப எங்கையிருந்து வந்ததுகளோ!"

சீவரத்தினம் எஞ்சினில் தோளைக் கொடுத்து முக்கினார்.

"தள்ளாதேங்கோ ஐயா. ஆட விடுங்கோ, தானா வந்து அணையும்" என்றார் வந்தவர்.

எஞ்சின் ஆடி ஆடிக் கிட்ட வந்தது. வந்து, அதே ஒரு விரற்கடையில் நின்றது. வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"எதையாவது கொஞ்சம் திருப்பிப் பாருங்கோவன்."

சீவரத்தினம் ஓடிப்போய், எஞ்சினின் முன்னால் இருந்த சுழற்றுக் கைப்பிடியை மெல்லத் திருப்பினார்.

டொக்!

இரண்டும் ஒட்டிக்கொண்டன. துலாவில் நின்றபடியே தில்லைநாதன் "அரோகரா!" என்று கத்தியதில் கிணற்றடி வாழையிலிருந்த காகங்களெல்லாம் பறந்தன.

"ஐயா, நான் ஒண்டு கேக்கலாமோ?"

"எல்லாம் பூட்டி முடிச்சாப் பிறகு கேளுங்கோ. உந்த நட்டைப் பிடியுங்கோ!"

உச்சி வெயிலில் பூட்டி முடிந்தது. முதல் சுழற்றிலேயே எஞ்சின் உறுமியது. கார் படலைவரை போய், பின்னுக்கும் வந்தது.

சீவரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் வழியும் கைகளால் வந்தவரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினை பிற்றர்மாரைப் பாத்திருப்பன்! கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமலே வேலையை முடிச்ச ஆள் நீங்கள் ஒருத்தர்தான்!"

வந்தவர் சைக்கிளடிக்குப் போய்ப் பெட்டிக் கயிற்றில் கை வைத்தார். படுத்திருந்த மூன்று பூனைகளும் எழுந்து நின்றன.

"இனியெண்டாலும் திறக்க விடுங்கோ ஐயா, மீன் பழுதாப் போகுது."