வைகிங் தலைவனின் நாலு பெடியள்

இலங்கையில் போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த ஒரு கோடையில் குணசேகரம் தன் நான்கு மகன்களோடு கோப்பன்ஹேகன் நூதனசாலைக்குப் போனார்.

வழிகாட்டிப் பெண் ஒரு வைகிங் தலைவனின் படத்தைக் காட்டினாள். “இவனுடைய நான்கு மகன்களும் இவனுக்குப் பிறந்தவர்கள்தானா என்பதே சந்தேகம்” என்று சிரித்தாள்.

குணசேகரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெத்தது ஆரெண்டால் இவைக்கென்ன? அவங்கள் இவனைத்தானே அப்பா எண்டு கூப்பிட்டவங்கள்!”

“ஆயிரம் வருசத்துக்கு முந்தின கதைக்கு ஏனப்பா கொதிக்கிறியள்?” என்றான் மூத்தவன் ரஜிதன்.

மறுநாள் நால்வருக்கும் இலங்கைக்கு விமானம். போர்க்காலத்தில் கைக்குழந்தைகளாகக் குணசேகரத்திடம் ஒப்படைத்த பிள்ளைகளைப் பார்க்க, வன்னியில் நான்கு ஊர்களில் நான்கு தாய்மார் காத்திருந்தார்கள்.

ரஜிதன் அவர் தோளில் கைபோட்டான்.

“திரும்பி வாறதுக்கும் ரிக்கற் போட்டாச்சப்பா. நாலு பேருக்கும்.”