ஒத்துவராத அளவுகள்

"போன வாரம் அளவெல்லாம் ஒரே பிசிறா இருந்துச்சு. இன்னிக்கு எப்படிம்மா இவ்ளோ அழகா ஒத்துப்போகுது?" என்றார் பேராசிரியர்.

மாணவி கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அடுத்தவர் திட்டு வாங்கும்போது யாருக்கு வேலை ஓடும்?

விஷயம் இதுதான். புரதப் படிகத்தின்மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் விழும். ஒரே புள்ளியைப் பலமுறை அளந்து, அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் நம்பலாம். அதை வைத்துத்தான், புது மருந்து அந்தப் புரதத்தில் ஒட்டியதா என்று கணினி படம் காட்டும். பிள்ளைகளின் கால்களை மெல்ல மெல்ல முடக்கிப்போடும் நோய்க்கான மருந்து அது.

"ஒத்துவராத அளவுகளை எடுத்துட்டேன் சார்."

"எவ்ளோ?"

"நாலுல ஒரு பங்கு."

"சண்டை போடறவங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டு, எங்க வீட்ல ஒத்துமைக்குக் குறைவே இல்லைன்னு சொல்லுவியா?"

யாரோ சிரித்தார்கள். "கட்டுரை போடற அவசரம்" என்று ஒருவன் முணுமுணுத்தான்.

"எல்லாத்தையும் திரும்பச் சேர்த்து ஓட்டு."

"வேண்டாம் சார்."

"ஓட்டும்மா."

ஓட்டினாள். புதுப் படம் வந்தது. முந்தைய படத்தில் மருந்து தெரிந்த இடத்தில் இப்போது வெறும் கலங்கல்தான் இருந்தது. மருந்து ஒட்டவே இல்லை.

அவள் அழுதுவிட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் அறைக்குப் போனார். இவ்வளவு கல்நெஞ்சம் ஆகாது என்று எல்லோருக்கும் தோன்றியது.

சற்றுப் பொறுத்து அவள் அந்த அறைக்குள் போனாள். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். கட்டுரைக்காகச் செய்யல. உங்க பொண்ணு எழுந்து நடக்கணும்னுதான்..."

"தெரியும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீ தூக்கிப் போட்ட அதே அளவுகளை நேத்து நானும் தூக்கிப் போட்டுட்டுப் பார்த்தேன். மருந்து நல்லா ஒட்டியிருந்துச்சு. அந்த சந்தோஷத்துல வீட்டுக்கு ஓடி, 'நீ நடந்துடுவேடா கண்ணு'ன்னு அவகிட்ட சொல்லிட்டேன். இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறதுன்னுதான் தெரியல."