சிவப்பு மூடி

“சத்து இல்ல, சத்து இல்லன்னே காட்டிச்சும்மா உங்க கருவி. நானும் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குப் பரிமாறுற மாதிரி உரத்தைப் போட்டுக்கிட்டே இருந்தேன்,” என்று சிரிக்கிறார் தோட்டக்காரர். மண்ணின் சத்தை அளக்கும் அந்தக் கருவியைப் பொருத்திவிட்டுப் போனவள் இப்போது மண்டியிட்டு அதை ஈரமண்ணிலிருந்து உருவுகிறாள். சாய்ந்த வெயில், ஓரம் கருகிய முட்டைக்கோஸ் இலைகளின் அடியில் புகுந்து அவள் கைகள்மேல் விழுகிறது. எங்கோ ஒரு மோட்டார் ஒரே சுருதியில் ஓடுகிறது. சேற்றை விரலால் வழிக்கிறாள். முனையில் சிவப்பு ரப்பர் மூடி அப்படியே இருக்கிறது. பொருத்திய அன்றே அவள் கழற்றியிருக்க வேண்டியது. கருவி இந்த மண்ணைத் தொடவே இல்லை. மிஞ்சிய உரமெல்லாம் தண்ணீரோடு தண்ணீராகக் கீழே, நிலத்தடி ஊற்றுவரை இறங்கியிருக்கும். காதுமடல்கள் சுட, மூடியைப் பிடுங்கி உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறாள்.

“என்னம்மா, பழுதா?”

“இல்லங்கய்யா... கொஞ்சம் அழுக்கு.”

“அதானே! மெஷினு நம்மள மாதிரி பொய் சொல்லுமா?”

அவள் நிமிரவில்லை. பொத்திய கைக்குள் ரப்பர் வியர்வையில் வழுக்குகிறது. அவர் கிணற்றுப் பக்கம் கை நீட்டுகிறார்.

“வந்ததே வந்தீங்க, அந்தத் தண்ணியிலயும் ஒரு தடவ விட்டுப் பாத்துச் சொல்லிடுங்கம்மா. பேத்திக்கு அதுலதான் பால்பவுடர் கரைக்கிறோம்.”