கை உதறல்

"அப்பா, நான் என்ன லிஃப்டா? எப்பப் பாத்தாலும் நோட்டும் கையுமா என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க!"

மகள் எவ்வளவு சீண்டியும் லிஃப்ட் மெக்கானிக் அசரவில்லை. எந்த லிஃப்ட் எத்தனை மணிக்கு எந்த மாடியில் மக்கர் செய்தது என்று முப்பது வருடமாக எழுதிப் பழகிய கை. மகளின் மாத்திரை அளவைக் கூட்டிய அன்று, "சின்ன வயசுக்காரங்களுக்கு இதுல வலிப்பு வர வாய்ப்பு இருக்கு. கை கால் திடீர்னு உதறினா உடனே சொல்லுங்க" என்று டாக்டரம்மா எச்சரித்தார். அன்றே ஒரு புது நோட்டு போட்டுவிட்டார் மனிதர்.

இப்போது அந்த நோட்டு டாக்டரம்மாவின் கையில் இருந்தது.

"திங்கள், காலை 7.10. வலது கை உதறல். சூப் கிண்ணம் விழுந்தது. புதன், 7.15. மறுபடி உதறல். வெள்ளி, 7.08... நிமிஷம்கூடத் தப்பலையே சார்! நர்ஸ் வேலைக்கு வர்றீங்களா?"

"கிண்ணம் போனா போகுது டாக்டர். நரம்புக்கு நல்லதுன்னு தினம் அஞ்சு மணிக்கு எழுந்து நானே கீரை சூப் வைக்கிறேன். அப்படியும் உதறல் நிக்கலையே!"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார். "மூளை அலைச் சோதனை நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா உதறல் இருக்கும்போது துணிஞ்சு விட முடியாது. இதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சிட்டு வேற மருந்து பாப்போம்."

"வேற மருந்தா?" என்று அப்பா பதறினார். ஏற்கெனவே இரண்டு மருந்துகள் கேட்காமல்தான் இது மூன்றாவதாக வந்தது. போன வருடம், காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பெண் இப்போதுதான் கல்லூரிக்குப் போகிறாள், அப்பனையே கிண்டல் செய்கிறாள். மறுபடியும் அந்தச் சாத்திய கதவா? அவருக்கு அழுகை முட்டியது.

மகளின் முகமும் வெளுத்துவிட்டது. "டாக்டர், அப்பாவைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க. ஒண்ணு சொல்லணும்."

வெளியே வந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெற்ற அப்பனிடம் சொல்ல முடியாத விஷயம் என்னவாக இருக்கும்? அந்தக் குரல்கள் திரும்பி வந்துவிட்டனவோ? வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"மருந்தை மாத்த வேண்டாம் சார். அதே அளவு தொடரட்டும்."

"அப்போ அந்த உதறல்?"

"அதை என்னையே உங்ககிட்ட சொல்லச் சொல்லிட்டா. பாதி நாள் உங்க சூப்பைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சிருக்கா. முடியாத அன்னைக்கு மட்டும், உங்க மனசு நோகக் கூடாதேன்னு, கை உதறின மாதிரி அவளே கிண்ணத்தைக் கீழ போட்டுட்டாளாம். மாத்த வேண்டியது உங்க வீட்டுல சூப் வைக்கிற ஆளைத்தான்!"