வெள்ளரிப்பிஞ்சுப் பாட்டு

கூட்டம் அந்தப் பாட்டு வேண்டுமென்று கத்தத் தொடங்கியதும் அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மேடையில் இருப்பவர்கள் யாரும் அவளைக் கண்டுகொள்ளக் கூடாது. முக்கியமாகக் கணவன் தவசிமணி. அவனிடம் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தாள்.

கோயில் திருவிழா. பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. கரும்புச்சாறு வண்டியை ஒட்டி நின்றால் மேடை முழுவதும் தெரிந்தது.

"வெள்ளரிப்பிஞ்சு! வெள்ளரிப்பிஞ்சு!"

அது சினிமாப் பாட்டு இல்லை. அவர்கள் இருவரின் பாட்டு. கல்யாணமான புதிதில் தவசிமணி எழுதி மெட்டுப் போட்டது. வெள்ளரிப்பிஞ்சு விற்க வந்தவளும் விலை கேட்பவனும் சண்டை பிடிக்கிற பாட்டு. அவள் எகிறுவாள். அவன் இறங்கி வருவான். அதைப் பாடாமல் எந்த ஊரிலும் அவர்களை மேடையிலிருந்து இறங்க விட்டதில்லை.

பிறகு அவள் கழுத்தில் கட்டி. ஆபரேஷன்.

கட்டி போயிற்று. குரலும் போயிற்று. காற்று மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கிற காற்று.

பாட்டுக் குழுவில் அவள் இடத்துக்கு ரோஸ்லின் வந்தாள். சின்னப் பெண். நல்ல சாரீரம் என்றார்கள்.

கணவனிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். மற்றதையெல்லாம் அந்தப் பெண் பாடட்டும். வெள்ளரிப்பிஞ்சு மட்டும் வேண்டாம்.

"அத இன்னொருத்தி பாடுறதா? லிஸ்ட்லருந்தே தூக்கிட்டேன்" என்றான்.

நம்பினாள்.

போன வாரம் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் பனங்கற்கண்டு பிசுபிசுத்தது. பாட்டுக்கு இடையில் அவள் தொண்டை வறண்டால் கொடுக்க அவன் எப்போதும் வைத்திருப்பது.

இப்போது யாருக்கு?

மறுநாள் தங்கச்சி போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஆடிக்கொண்டே எடுத்தது. முகம் எதுவும் தெரியவில்லை. மெட்டு தெரிந்தது. ஒரு பெண்குரல் தெரிந்தது.

அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும். அவளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

ரோஸ்லின் மைக்கின் முன்னால் வந்தாள். பச்சைப் புடவை. எடுப்பாக இருந்தது.

யார் எடுத்துக் கொடுத்ததோ.

முதல் வரியைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். குரலில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்தது ஆண் வரி. மேடையின் ஓரத்திலிருந்து தவசிமணி கையை வீசிக்கொண்டு வருவான். விற்கிறவளின் கண்ணைப் பார்த்தபடியே வருவான். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

ஆண்குரல் வந்தது.

தவசிமணி இல்லை. கீபோர்டு வாசிக்கிற செல்வின், வாசித்துக்கொண்டே பாடினான்.

மேடை முழுவதும் கண்ணால் துழாவினாள். திரைக்குப் பக்கத்தில் இல்லை. டிரம்ஸுக்குப் பின்னாலும் இல்லை.

அவளைப் பார்த்துவிட்டானோ? யாராவது போன் போட்டுச் சொல்லியிருப்பார்களோ? தங்கச்சியாக இருக்குமோ?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையின் பின்பக்கம் போனாள். குழுவின் வேன் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தாள். காலிப் பெட்டிகள். ரோஸ்லினின் கைப்பை. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேனுக்கு அப்பால் ஜெனரேட்டர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. டீசல் புகை. யாரும் நிற்க மாட்டாத இடம்.

அங்கே நின்றிருந்தான்.

தனியாக. வண்டியின் தகரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து. மேடைக்குப் போடுகிற ஜிகினாச் சட்டையில் கரி அப்பியிருந்தது.

கிட்டே போனாள். அங்கே பாட்டு கேட்கவில்லை. ஒரு சொல்கூட.

அதற்காகத்தான் அங்கே வந்து நிற்கிறான் என்பது மெல்லத்தான் புரிந்தது. புரிந்த பிறகும் அவளால் முழுதாக நம்ப முடியவில்லை.

தோளைத் தொட்டாள்.

திடுக்கிட்டுத் திரும்பினான். அகப்பட்டவனின் முகமா, அழுதவனின் முகமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் காதோரம் குனிந்து கத்தினான்.

"வெள்ளரிப்பிஞ்சு இல்லைனா கச்சேரியே வேணாங்குறாங்க. எல்லா ஊர்லயும். ஆறு குடும்பம் என்னைய நம்பி இருக்கு. உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? என்னால நின்னு கேக்க முடியல."

கேட்க முடியவில்லை.

அந்தச் சொல்லை அவள் விடவில்லை. மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மோசமாகப் பாடினால் கேட்க முடியாது. அந்தப் பெண்ணோ மோசமாகப் பாடவில்லை.

இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக்கொண்டாள்.

"என்னையவிட நல்லா பாடுறாளா?"

ஜெனரேட்டர் அதை விழுங்கிவிட்டது.

தவசிமணி ஆமென்று தலையை ஆட்டினான். காதில் விழுந்துதான் ஆட்டினானா என்று அவன் முகத்தையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை ஆட்டினான்.

அவள் மேடையின் முன்பக்கத்துக்குத் திரும்பி நடந்தாள். அவன் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம். போகாத."

விரல்களை விலக்கிவிட்டுப் போனாள்.

நடக்க நடக்க உறுமல் தேய்ந்தது. பாட்டு வளர்ந்தது. இரண்டாவது சரணம் தொடங்கியிருந்தது. முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த பையன்களைத் தாண்டி மேடைக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

ரோஸ்லின் பார்த்துவிட்டாள்.

பாதி வரியில் குரல் நின்றது. மைக்கைப் பிடித்திருந்த கை தாழ்ந்தது. வாத்தியம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

கீழே நின்றவள் கையை உயர்த்தி அசைத்தாள்.

பாடு.